பல அச்சுகளை ஒரே கணக்கில் ஓட்டுவது: வீட்டுப் பட்டறை சிஎன்சிக்கு எந்தக் கட்டுப்பாட்டைத் தெரிவு செய்யலாம்?

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறையில் சிஎன்சி ரவுட்டர் (கணினிக் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) ஒன்றைத் தாமாகவே கட்ட முனைபவர்கள், சட்டத்தைப் பொருத்தித் திருகுத் தண்டுகளையும் மோட்டார்களையும் மாட்டி முடித்த பின்னர், பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். மோட்டார்கள் தனித்தனியே நன்றாகச் சுழல்கின்றன. அவற்றைச் சேர்த்து ஓட்டி ஒரு வட்டத்தை வட்டமாகவே வெட்டுவதற்கு எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பு வேண்டும்? கையிலிருக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்டுக்குச் சொந்தமாக நிரல் எழுதுவதா, அதே ஆர்டுயினோவில் ஜிஆர்பிஎல் என்ற ஆயத்த நிரலை ஏற்றுவதா, அதைவிட வலுவான 32-பிற் போர்டுக்குப் போவதா, பழைய மேசைக் கணினியில் லினக்ஸ்-சிஎன்சி என்ற மென்பொருளை நிறுவுவதா?

இதற்கு விடை தேடுமுன் நம் பட்டறைகளுக்கு வரும் வேலையைப் பார்க்க வேண்டும். கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் கோயில்களுக்குமான பெயர்ப்பலகைகளே பெரும்பகுதி. அவற்றில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும். 60 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு ‘ஞ’வையோ ‘ழ’வையோ செதுக்கும்போது கருவி நேர்கோட்டில் செல்லும் தூரம் மிகக் குறைவு. சிங்கள எழுத்தும் அப்படித்தான். வளைவு முழுவதும் மிகச் சிறிய நேர்கோட்டுத் துண்டுகளாக உடைக்கப்பட்டே, இயந்திரத்துக்கான கட்டளை மொழியாகிய ஜி-கோட்டில் வந்து சேர்கிறது. வி வடிவக் கட்டர் கொண்டு செதுக்கினால் இசட் அச்சும் ஒவ்வொரு துண்டிலும் ஏறி இறங்கும். ஆகவே நீண்ட நேர்கோட்டில் எவ்வளவு வேகம் ஓடும் என்ற விளம்பரக் கணக்கு நமக்குப் பெரிதாக உதவாது. வளைவில் மூன்று அச்சுகளும் பிசகாமல் சேர்ந்து ஓடுகின்றனவா என்பதே நம் அளவுகோல்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

ஒரே கடிகாரம். எக்ஸ் 40 மி.மீ.யும் வை 10 மி.மீ.யும் நகர வேண்டிய சாய்கோட்டில், இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிய வேண்டும். இடையிலும் எந்தக் கணத்தில் பார்த்தாலும் தூரங்கள் 4:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஆர்முடுகும்போதும் அமர்முடுகும்போதும் இந்த விகிதம் மாறக் கூடாது. எல்லா அச்சுகளின் துடிப்புகளையும் (மோட்டாரை ஒவ்வொரு படியாக நகர்த்தும் மின்குறிகைகள்) ஒரே இடம் ஒரே கணக்கில் பிறப்பித்தால் மட்டுமே இது நடக்கும்.

முன்நோக்கு. கட்டுப்பாட்டுக் கருவி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் கடைசித் துண்டின் முடிவில் நின்றுவிட முடியுமாறுதான் எப்போதும் வேகத்தைத் திட்டமிடும், ஏனெனில் அதற்கு அப்பால் என்ன வரும் என்பது அதற்குத் தெரியாது. துண்டுகள் 0.1 மி.மீ. நீளமாகவும் நினைவகத்தில் 16 துண்டுகளும் இருந்தால் அதற்குத் தெரியும் பாதை 1.6 மி.மீ. மட்டுமே. ஆர்முடுகல் செக்கனின் வர்க்கத்துக்கு 200 மி.மீ. என்றால், அந்தத் தூரத்துக்குள் நிற்கக்கூடிய உச்ச வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 25 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 1500 மி.மீ. துண்டு நீளம் 0.03 மி.மீ. ஆகக் குறைந்தால் அது நிமிடத்துக்கு 830 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். நீங்கள் ஜி-கோட்டில் 2000 என்று எழுதியிருந்தாலும் இயந்திரம் அதை எட்டாது. மரத்தில் கட்டர் மெதுவாக உரசிக் கருகல் தழும்பு விழுவதற்கு இது ஒரு பொதுவான காரணம். மோட்டாரையோ அதற்கு மின்னோட்டம் கொடுக்கும் ட்ரைவரையோ மாற்றுவதால் அது தீராது.

துடிப்பு மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பது. சுற்றுக்கு 200 படி எடுக்கும் மோட்டார், ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிக்கும் 1/8 நுண்படி, சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பந்துத் திருகு என்றால் மில்லிமீற்றருக்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஓட செக்கனுக்கு 16,000 துடிப்பு போதும். அதே இயந்திரத்தில் நுண்படியை 1/32 ஆக்கினால் 64,000 தேவைப்படும். நுண்படியைக் கூட்டுவதால் ஓட்டம் மென்மையாகும் என்பது உண்மை. துல்லியமும் அதே மடங்கில் கூடும் என்பது சரியல்ல, ஏனெனில் ஒவ்வொரு நுண்படிக்கும் கிடைக்கும் முறுக்கம் சிறிதாகிக்கொண்டே போய், உராய்வை வெல்ல முடியாத அளவுக்கு வந்துவிடும்.

இவை மூன்றோடு, மூலையில் பாதையை என்ன செய்கிறது, மின்சாரம் தடைப்படும்போது என்ன ஆகிறது, விலைச்சீட்டில் தெரியாத செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பகுதிக்கு மின்சாரம் பற்றிய கேள்வி மிக முக்கியமானது. 2022இன் நீண்ட மின்வெட்டுகள் நீங்கிவிட்டாலும், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையில் மின்சாரம் ஒரு கணம் போய் வருவதும், தோட்டப்புற மின்வழியின் கடைக்கோடியில் வோல்ற்றளவு தாழ்வதும் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விடயங்களே.

## சொந்தமாக எழுதும் நிரல்

ஆர்டுயினோவில் அக்செல்ஸ்டெப்பர் என்ற நிரற்றொகுப்பைக் கொண்டு மூன்று மோட்டார்களை ஓட்டுவது கற்பதற்கு நல்ல வழி. வெட்டுவதற்கு அது ஏற்றதல்ல. அதில் ஒவ்வொரு மோட்டாரும் தன் ஆர்முடுகலைத் தானே கணக்கிடுகிறது. மேலே சொன்ன சாய்கோட்டில் வை அச்சு தன் 10 மி.மீ.ஐ முதலில் முடித்துவிட்டு நின்றுவிட, எக்ஸ் தனியே மீதியை ஓடும். கோடு முறிந்த கோடாகிவிடும். அதன் கூட்டியக்க வகை எல்லா மோட்டார்களையும் ஒரே நேரத்தில் சேர்க்கிறது, ஆனால் ஆர்முடுகல் இல்லாமல் மாறா வேகத்தில் மட்டுமே. 16 மெகாஹேர்ட்ஸ் ஆர்டுயினோ உனோவில் செக்கனுக்கு ஏறக்குறைய 4000 படிகளே அதன் நம்பகமான எல்லை. ஒரே அச்சில் துளைத் தட்டை நகர்த்துவது, கம்பி சுற்றும் கருவி போன்றவற்றுக்கு இதுவே போதுமானதும் எளிதானதும் ஆகும்.

## ஆர்டுயினோ உனோவில் ஜிஆர்பிஎல்

2009இல் சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் தொடங்கிய இந்தத் திறந்த நிரல், 2 கிலோபைற் நினைவகம் மட்டுமே உள்ள ஒரு சில்லில் மூன்று அச்சுகளை உண்மையாகவே ஒரே கணக்கில் ஓட்டுகிறது. அதன் அடிப்படை 1962இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜாக் பிரெசென்ஹாம் வரைபடக் கருவிக்காக உருவாக்கிய கோட்டு வழிமுறை: அதிகம் நகரும் அச்சு ஒவ்வொரு படி எடுக்கும்போதும் மற்ற அச்சுகளுக்கு முழு எண் கூட்டலில் கணக்கு வைத்து, கணக்கு நிரம்பும்போது அவற்றுக்கும் ஒரு படி கொடுக்கிறது. இதனால் எந்த அச்சும் உண்மைக் கோட்டிலிருந்து அரைப் படிக்கு மேல் விலகாது. துல்லியத்தைப் பொறுத்தவரை இதற்கு மேல் கேட்பதற்கு எதுவும் இல்லை. ‘உனோ மலிவானது, ஆகவே கோணலாக வெட்டும்’ என்ற எண்ணம் தவறு.

குறை முன்நோக்கிலும் மீடிறனிலும் இருக்கிறது. திட்டமிடும் நினைவகம் 16 துண்டு அளவிலும், நிலையான துடிப்பு 30 கிலோஹேர்ட்ஸ் அளவிலும் நின்றுவிடும். முன்னர் கணக்கிட்ட நிமிடத்துக்கு 830 மி.மீ. என்ற எல்லை இதற்கானதே. கணினியிலிருந்து ஜி-கோட் வரும் தொடர்வழியும் ஒரு குறுகிய கழுத்துத்தான்: 115200 பாட் வேகத்தில் செக்கனுக்கு 11,520 பைற், ஒரு வரிக்கு 25 பைற் என்றால் உச்சமாக 460 வரிகள்.

மூலைகளில் ஜிஆர்பிஎல் பாதையை வளைப்பதில்லை. சந்தி விலகல் என்ற அமைப்பில் இருக்கும் 0.01 மி.மீ. என்பதைப் பலர் மூலை அவ்வளவு உருளும் என்று புரிந்துகொள்கிறார்கள். அது மூலையைக் கடக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் ஒரு கற்பனை வில்லின் அளவு மட்டுமே. கருவி மூலையைத் தொட்டே செல்லும். கூர்மையான எழுத்து முனைகளுக்கு இது நல்லது. அந்த எண்ணைத் தாராளமாகக் கூட்டினால் மோட்டார் திடீர் வேகமாற்றத்தைத் தாங்க முடியாமல் படி இழக்கும்.

ஒளிந்திருக்கும் செலவு கணினிதான். வேலை முடியும்வரை ஒரு மடிக்கணினி இணைந்தே இருக்க வேண்டும். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மின் இரைச்சலால் யூஎஸ்பி இணைப்பு அறுந்தால் மரம் பாதியில் வீணாகும். இதைவிடக் கொடியது மின்தடையில் நடப்பது. மடிக்கணினியின் பற்றரியில் ஆர்டுயினோ உயிரோடு இருக்கும், மோட்டார்களின் 36 வோல்ற்று வழங்கல் மட்டும் நின்றுபோகும். நிரல் எதையும் அறியாமல் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும். இரண்டு செக்கனில் மின்சாரம் திரும்பியதும் மோட்டார்கள் வேறோர் இடத்திலிருந்து பாதையைத் தொடரும். கட்டுப்பாட்டுக்கு மட்டும் யூபிஎஸ் வைப்பதும் இதே விபத்தையே தரும். மோட்டார் வழங்கலில் ஒரு ரிலேயை இணைத்து, அந்த வழங்கல் விழுந்தவுடன் கட்டுப்பாட்டின் மீளமைப்பு உள்ளீடு இழுபடுமாறு செய்வது எந்தத் தெரிவிலும் கட்டாயம் என்பதே என் உறுதியான கருத்து. மின்சாரம் போனதும் மோட்டார்கள் தம் பிடியை விட்டுவிடுவதால், வெறும் இடைநிறுத்தம் போதாது; எல்லை ஆளிகளைக் கொண்டு மீண்டும் ஆரம்ப இடத்தைக் கண்டுபிடித்த பின்னரே தொடர வேண்டும்.

## 32-பிற் போர்டு: ஃப்ளூயிட்-என்சியும் ஜிஆர்பிஎல்-ஹாலும்

இவை இரண்டும் ஜிஆர்பிஎல்லின் வழிவந்தவை. ஃப்ளூயிட்-என்சி 240 மெகாஹேர்ட்ஸ் இரட்டைக் கரு கொண்ட இஎஸ்பி-32 சில்லுக்கானது. ஜிஆர்பிஎல்-ஹால் 600 மெகாஹேர்ட்ஸ் டீன்சி 4.1 உட்படப் பல சில்லுகளில் ஓடுகிறது. கோடு பிரிக்கும் கணக்கு அதேதான். மாறுவது கொள்ளளவு. முன்நோக்கை 100 துண்டுகளாகக் கூட்டினால், அதே 0.03 மி.மீ. துண்டுகளில் அதே ஆர்முடுகலோடு நிமிடத்துக்கு 2000 மி.மீ.ஐத் தாண்ட முடிகிறது. பெயர்ப்பலகை செதுக்குபவருக்கு வேறெந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது.

இரண்டாவது பலன், பாலச் சட்டத்தின் இரு பக்கமும் தனித்தனி மோட்டார் உள்ள இயந்திரங்களுக்குரியது. உனோவின் வழமையான அமைப்பில் இரு வை ட்ரைவர்களும் ஒரே துடிப்பைப் பகிர்ந்துகொள்ளும். இயந்திரம் அணைந்திருக்கும்போது பாலம் சற்றுச் சாய்ந்துவிட்டால் அந்தச் சாய்வு அப்படியே எல்லா வேலையிலும் தொடரும். இந்தப் போர்டுகள் ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் எல்லை ஆளிவரை தனித்தனியே கொண்டுபோய்ச் செங்குத்தாக்குகின்றன. மூன்றாவதாக, ஜி-கோட் கோப்பை நினைவட்டையிலிருந்தே வாசிப்பதால் கணினி தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது 3.3 வோல்ற்று. டிஎம்542, டிபி6600 போன்ற ட்ரைவர்களின் உள்ளீடு 5 வோல்ற்றை எதிர்பார்க்கிறது, 3.3 வோல்ற்றில் அவை மேசையில் ஓடும், குளிரான காலையிலோ இரைச்சல் மிகுந்த வேளையிலோ ஒரு துடிப்பைத் தவறவிடும். இடையில் 74எச்சிடி245 போன்ற ஒரு மாற்றிச் சில்லை வைத்தால் இது தீரும். விற்பனைக்கு வரும் சில போர்டுகளில் அது ஏற்கனவே உண்டு, வாங்குமுன் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, அமைப்புக் கோப்பை எழுதும் பொறுமை. இஎஸ்பி-32 கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலகுவாகக் கிடைக்கும். சிஎன்சிக்கென்றே வடிவமைத்த போர்டுகளைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

## லினக்ஸ்-சிஎன்சி

1990களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பிறந்த திட்டம் இது. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டவே உருவானது. இதன் வலு மற்ற மூன்றிலும் இல்லாத ஓர் இடத்தில் இருக்கிறது: அச்சுகள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்பதை இது திரும்பக் கேட்கிறது. திருகிலோ சட்டத்திலோ பொருத்திய என்கோடரின் (அச்சின் இடத்தை அளக்கும் உணரி) அளவீடு கட்டுப்பாட்டுக்கே வருவதால், ஏதேனும் ஓர் அச்சு எதிர்பார்த்த இடத்திலிருந்து குறித்த எல்லையைத் தாண்டிப் பின்தங்கியவுடன் எல்லா அச்சுகளும் சேர்ந்து நிற்கின்றன.

மூலைகளிலும் தெரிவு உங்கள் கையில். ஜி61 கொடுத்தால் பாதையை அப்படியே பின்பற்றும். ஜி64 பி0.02 என்று கொடுத்தால் 0.02 மி.மீ.க்குள் மூலைகளை உண்மையாகவே உருட்டி வேகத்தைக் காக்கும். பி மதிப்பில்லாமல் ஜி64 மட்டும் கொடுத்தால் வேகத்துக்காகப் பாதையை எவ்வளவும் விட்டுக்கொடுக்கும். புதியவர்களின் எழுத்து முனைகள் மழுங்கிப் போவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. திசை மாறும்போது திருகில் வரும் வெற்றசைவான திருகுத் தளர்ச்சிக்கு ஈடும் இதில் உண்டு. மூல ஜிஆர்பிஎல்லில் அது இல்லை. கடைசல் இயந்திரத்தில் ஸ்பிண்டிலின் சுழற்சியோடு கருவியைப் பிணைத்து மரை வெட்டும் ஜி76 இதில் முதிர்ந்த நிலையில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மரையிட்ட உதிரிப்பாகம் செய்ய நினைப்பவர்கள் நேரே இங்கு வருவதே நல்லது.

ஆனால் கணினியைத் தெரிவு செய்வது தனி வேலை. சமாந்தர வாயில் வழியே மென்பொருளே துடிப்புகளைப் பிறப்பித்தால், அதன் அடித்தாளம் (அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான மிகக் குறைந்த நேரம்) 25 முதல் 50 மைக்ரோசெக்கன் அளவில் இருக்கும்; உச்சமாக 20 முதல் 40 கிலோஹேர்ட்ஸ், உனோவின் அளவே. கணினி எப்போதாவது தாமதித்தால் எல்லா அச்சுகளின் துடிப்பும் நடுங்கும். மடிக்கணினிகள் மின்சிக்கன ஏற்பாடுகளால் இதற்குப் பெரும்பாலும் ஒத்துவராது. நிறுவியதும் தாமதச் சோதனையைச் சில மணி நேரம் ஓடவிட்டு, அதன் பின்னரே மேலே செல்ல வேண்டும். மேசா போன்ற அட்டையைச் சேர்த்தால் துடிப்புகளை அட்டையிலுள்ள எஃப்பிஜிஏ என்ற சில்லே பிறப்பிக்கும், கணினி மில்லிசெக்கனுக்கு ஒரு முறை கட்டளை கொடுத்தால் போதும், சிக்கல் நீங்கிவிடும். அட்டை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதால் கப்பல் கட்டணமும் சுங்கமும் விலையோடு சேரும். கணினியின் தொடர் மின்செலவையும் கணக்கில் வையுங்கள். ராஸ்பெரி பை 4 அல்லது 5ஐ ஈதர்நெற் வகை மேசா அட்டையோடு இணைப்பது இந்தச் செலவைக் குறைக்கும் வழி.

மாக்-3 என்ற பழைய வின்டோஸ் கட்டுப்பாட்டு மென்பொருள் பற்றியும் கேட்கிறார்கள். சமாந்தர வாயிலில் ஓட 32-பிற் வின்டோஸ் வேண்டும், அதன் மேம்பாடும் நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் இருந்தால் இருக்கட்டும். புதிதாகக் கட்டுபவர் அதில் தொடங்கக் காரணமில்லை.

## மூடிய வளைய மோட்டார் இவற்றுக்கு மாற்றா?

என்கோடர் பொருத்திய ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும்) மோட்டார்களை வாங்கினால் எந்தக் கட்டுப்பாடும் போதும் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. அந்த என்கோடரின் செய்தி ட்ரைவரோடு நின்றுவிடுகிறது, கட்டுப்பாட்டுக்குத் தெரிவதில்லை. எக்ஸ் அச்சு சிக்கி அதன் ட்ரைவர் எச்சரிக்கை நிலைக்குப் போனாலும், வையும் இசட்டும் தம் பாதையில் தொடரும். கூட்டியக்கம் அங்கேயே முறிந்துவிடும். எல்லா ட்ரைவர்களின் எச்சரிக்கைக் கம்பிகளையும் கட்டுப்பாட்டின் நிறுத்த உள்ளீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சொந்த நிரல் | உனோ ஜிஆர்பிஎல் | 32-பிற் போர்டு | லினக்ஸ்-சிஎன்சியும் அட்டையும் |
|---|---|---|---|---|
| ஆர்முடுகலோடு கூட்டியக்கம் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| துடிப்பு எல்லை | 4 கிலோஹேர்ட்ஸ் | 30 கிலோஹேர்ட்ஸ் | உனோவைப் போல் பல மடங்கு | தேவைக்கு மேல் |
| முன்நோக்கு | இல்லை | 16 துண்டு அளவு | கூட்டிக்கொள்ளலாம் | தாராளம் |
| மூலை | – | பாதை மாறாது | பாதை மாறாது | ஜி61, ஜி64 தெரிவு |
| அச்சின் உண்மை இடம் அறிதல் | இல்லை | இல்லை | பொதுவாக இல்லை | உண்டு |
| வேலை நேரத்தில் கணினி | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் | வேண்டும் |

## யாருக்கு எது

உனோ ஏற்கனவே கையில் இருந்து, வெட்டுவது பெரும்பாலும் நேர்கோடும் துளையும் பெட்டிப் பலகையும் என்றால், அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஜி-கோட் உருவாக்கும் மென்பொருளில் துண்டுகளை ஜி2, ஜி3 வில்களாக வெளியிடச் சொன்னால் வரிகள் குறைந்து தொடர்வழி நெருக்கடி தணியும். உள்ளே ஜிஆர்பிஎல் வில்லையும் சிறு துண்டுகளாகவே உடைக்கும் என்பதால் முன்நோக்கின் எல்லை மட்டும் மிஞ்சியிருக்கும்.

எழுத்தும் சிற்பமும் செதுக்கும் மூன்று அச்சு ரவுட்டரைப் புதிதாகக் கட்டுபவருக்கு 32-பிற் போர்டே என் தெரிவு. லினக்ஸ்-சிஎன்சியால் அந்த வேலை முடியாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஈரப்பதமும் மின்தடையும் மிகுந்த ஒரு பட்டறையில் பழுதாகக்கூடிய கணினி ஒன்று குறைவது பெரிய ஆறுதல். கடைசல் இயந்திரம், கனமான உலோக வெட்டு, என்கோடரோடு கூடிய செர்வோ மோட்டார் என்று போனால் லினக்ஸ்-சிஎன்சியைத் தவிர மற்றவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

எதை எடுத்தாலும் மரத்தைத் தொடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பிண்டிலின் இடத்தில் பேனாவைப் பூட்டி 100 மி.மீ. விட்டத்தில் வட்டம் வரையுங்கள். நான்கு திசை முனைகளில் சிறு படிக்கட்டுத் தெரிந்தால் அது திருகுத் தளர்ச்சி, கட்டுப்பாட்டின் குற்றமல்ல. பிறகு நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜை வைத்து, ஒரு சிறு சதுரத்தை 100 முறை ஓட்டித் தொடக்க இடத்துக்குத் திரும்புங்கள். 5 மி.மீ. திருகில் விலகல் 0.1 மி.மீ.யின் மடங்குகளாக வந்தால் மோட்டார் படி இழந்திருக்கிறது, ஏனெனில் ஸ்டெப்பர் பிடி தவறும்போது நான்கு முழுப் படிகளாகவே தவறும், ஆர்முடுகலைக் குறையுங்கள். ஒவ்வொரு திசை மாற்றத்துக்கும் ஒரு நுண்படி வீதம் விலகல் சேர்ந்துகொண்டே போனால், திசைக் குறிகை துடிப்புக்குப் போதிய அளவு முன்னால் வரவில்லை, அல்லது துடிப்பின் தவறான விளிம்பில் ட்ரைவர் படியெடுக்கிறது. டிஎம்542 ட்ரைவருக்குத் திசை 5 மைக்ரோசெக்கன் முன்னதாக வர வேண்டும். ஃப்ளூயிட்-என்சி, ஜிஆர்பிஎல்-ஹால், லினக்ஸ்-சிஎன்சி மூன்றிலும் இதற்கு அமைப்பு உண்டு, உனோவில் நிரலைத் திருத்தி மீண்டும் தொகுத்து ஏற்ற வேண்டும்.